60 வயதில் எஞ்சிய ஆயுள் மீண்டுவிட்டதா? தலைமைப் பதிவாளருக்கு ஒரு திறந்த மடல்

பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறையின் இயக்குநரும், தமிழ்நாட்டின் பிறப்பு இறப்புத் தலைமைப் பதிவாளருமான தங்களுக்கு வணக்கம்.

"கொரோனாவில் இழந்த ஆயுளை மீட்டுவிட்டோம்" என்ற பேச்சு இப்போது மேடைகளிலும் செய்திகளிலும் சரளமாக அடிபடுகிறது. ஆதாரமாகக் காட்டப்படுவது, நாடெங்கும் மாதிரிப் பகுதிகளில் பிறப்பு இறப்பை எண்ணும் எஸ்.ஆர்.எஸ். எனப்படும் மாதிரிப் பதிவுத் திட்டம், ஐந்தைந்து ஆண்டுகளைச் சேர்த்துப் போடும் ஆயுள் அட்டவணை. இந்தியாவில் பிறக்கும் குழந்தையின் சராசரி ஆயுள் 2016-20 அட்டவணையில் 70.0 ஆண்டு. 2017-21-ல் 69.8, 2018-22-ல் 69.9, 2019-23-ல் 70.3. சரிந்தது, எழுந்தது, பழைய இடத்தையும் தாண்டிவிட்டது என்று தோன்றும்.

இந்த வரிசையை வைத்து முதியவர்களைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. ஆயுள் அட்டவணை போடுவதும் இறப்புப் பதிவேடுகளைச் சரிபார்ப்பதும் எங்கள் அன்றாட வேலை. அந்த வகையில் தங்களிடம் ஒன்றைக் கேட்கிறோம். 60, 70, 80 வயதுகளில் எஞ்சிய ஆயுளை (அந்த வயதை எட்டியவர் சராசரியாக இன்னும் எத்தனை ஆண்டு வாழலாம் என்பதை), ஆண் பெண் தனித்தனியாக, 2015 முதல் ஒவ்வோர் ஆண்டுக்கும் தமிழ்நாட்டின் சொந்த இறப்புப் பதிவிலிருந்து கணக்கிட்டு வெளியிடுங்கள். பதிவேடு தங்கள் கையில் இருக்கிறது. முதியவர்களின் வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோகும் திட்டமும் தங்கள் துறையுடையதுதான். இரண்டும் ஒரே மேசையில் சேரும் மாநிலங்கள் அதிகமில்லை.

முதலில், ஐந்தாண்டுச் சராசரியில் என்ன சிக்கல் என்று பார்ப்போம். 2019-23 அட்டவணைக்குள் 2020-ம் இருக்கிறது, 2021-ம் இருக்கிறது. இவ்விரண்டு ஆண்டுகளும் இல்லாத முதல் அட்டவணை 2022-26. அது அச்சாகும் வரை "மீண்டோம்" என்று எந்த ஐந்தாண்டு எண்ணும் சொல்ல முடியாது. ஆனால் அடுத்தடுத்த இரண்டு அட்டவணைகளைக் கழித்தால் ஒற்றை ஆண்டின் சாயல் கிடைக்கும். 2016-20-லிருந்து 2017-21-க்கு நகரும்போது 2016 வெளியேறி 2021 உள்ளே வருகிறது. சராசரி 0.2 குறைந்தது என்றால், 5-ஆல் பெருக்கிப் பார்க்க, 2021-ன் ஆயுள் 2016-ஐவிடச் சுமார் ஓராண்டு குறைவு. தசமத்துக்குப் பின் ஓர் இலக்கமே அச்சிடுவதால் அரை ஆண்டு முன்பின் இருக்கலாம். அதேபோல 2018-22-லிருந்து 2019-23-க்கு 0.4 ஏற்றம் என்பது, 2023-ன் ஆயுள் 2018-ஐவிட ஒன்றரை முதல் இரண்டரை ஆண்டு கூடுதல் என்று சொல்கிறது.

இங்கேதான் முடிச்சு விழுகிறது. அதே எஸ்.ஆர்.எஸ்., ஆயிரம் பேருக்கு இத்தனை இறப்பு என்று வெளியிடும் எண்ணைப் பாருங்கள். 2018-ல் 6.2, 2019-லும் 2020-லும் 6.0, 2021-ல் 7.5, 2022-ல் 6.8, 2023-ல் 6.4. ஆயுள் இரண்டு ஆண்டு கூடியதாம், இறப்பு விகிதமோ 2018-ஐவிட மேலே நிற்கிறதாம். இரண்டும் ஒரே கணக்கெடுப்பின் பிள்ளைகள். பொய் எதுவும் இல்லை. நாட்டில் முதியவர் பங்கு கூடிக்கொண்டே போகிறது. ஒவ்வொரு வயதிலும் சாவு குறைந்தாலும், சாகும் வயதில் இருப்பவர்கள் அதிகமானால் மொத்த விகிதம் ஏறும். இன்னொரு பக்கம், பிறப்பிலிருந்து கணக்கிடும் ஆயுளைத் தூக்கிவிடுவதில் குழந்தைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. இந்தியாவின் சிசு இறப்பு 2018-ல் ஆயிரத்துக்கு 32, 2023-ல் 25. ஆயிரத்தில் 7 குழந்தைகள் கூடுதலாகப் பிழைத்து ஆளுக்கு 70 ஆண்டு வாழ்ந்தால், சராசரி ஆயுளில் ஏறக்குறைய அரை ஆண்டு ஏறிவிடும். இதில் 60 வயதைக் கடந்த எவருக்கும் ஒரு நாள்கூடக் கூடவில்லை.

ஆக, பிறப்பிலிருந்து வரும் ஆயுளும் பயன்படாது, மொத்த இறப்பு விகிதமும் பயன்படாது. தமிழ்நாட்டுக்கு இது இன்னும் அழுத்தமாகப் பொருந்தும். 2021-க்கான மதிப்பீட்டில் இங்கே 60 வயதுக்கு மேற்பட்டோர் மக்கள்தொகையில் 13.6 விழுக்காடு. பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்த இடம். சிசு இறப்பு ஏற்கெனவே 12-க்கு வந்துவிட்டது. இனி இந்த மாநிலத்தின் ஆயுள் ஏறுவதும் இறங்குவதும் பெரும்பாலும் முதியவர்களால்தான்.

60 வயதில் எஞ்சிய ஆயுள் எவ்வளவு நுட்பமான அளவுகோல் என்பதை ஒரு சிறு கணக்கில் காட்டுகிறோம். கீழே உள்ள விகிதங்கள் விளக்கத்துக்காக நாங்கள் வைத்துக்கொண்டவை, தமிழ்நாட்டின் உண்மை எண்கள் அல்ல. ஆண்டுக்கு ஆயிரம் பேரில் இறப்போர் 60-64 வயதில் 18, 65-69-ல் 28, 70-74-ல் 45, 75-79-ல் 68, 80-க்கு மேல் 130 என்று கொள்வோம். ஐந்தாண்டுக்குள் இறக்கும் வாய்ப்பைக் காண, விகிதத்தை 5-ஆல் பெருக்கி, (1 + 2.5 × விகிதம்) என்பதால் வகுக்க வேண்டும். 60-64-க்கு 0.09-ஐ 1.045-ஆல் வகுத்தால் 0.0861. ஒரு லட்சம் பேரில் 91,388 பேர் 65-ஐத் தொடுகிறார்கள். இப்படியே இறங்கினால் 80-ஐத் தொடுபவர்கள் ஏறத்தாழ 44,950. ஒவ்வொரு படியிலும் வாழ்ந்த ஆண்டுகளைக் கூட்டி, கடைசித் திறந்த குழுவுக்கு 44,950-ஐ 0.130-ஆல் வகுத்துச் சேர்த்து, மொத்தத்தை ஒரு லட்சத்தால் வகுத்தால் 18.8 ஆண்டு. அதுதான் 60 வயதில் எஞ்சிய ஆயுள்.

இப்போது எல்லா வயதிலும் சாவு 25 விழுக்காடு கூடட்டும். 6.0 என்பது 7.5 ஆனதும் அதே 25 விழுக்காடுதான். 18.8 என்பது 16.7 ஆகிவிடும், இரண்டு ஆண்டுக்கு மேல் இழப்பு. இந்த ஒரு கெட்ட ஆண்டை நான்கு சாதாரண ஆண்டுகளோடு சேர்த்து ஐந்தாண்டு அட்டவணை போட்டால், கூடுதல் சாவு 5 விழுக்காடாகக் கரைந்து, விடை 18.3 என்று வரும். இரண்டு ஆண்டுச் சரிவு அரை ஆண்டாகத் தெரியும். மீட்சியும் அதே அளவுக்கு மங்கித்தான் தெரியும்.

எதிர்ப்பக்க எச்சரிக்கையும் இதே கணக்கில் இருக்கிறது. இறப்புகளை எதனால் வகுக்கிறோமோ அந்த முதியோர் எண்ணிக்கை 5 விழுக்காடு பிசகினாலும் விடை அதே அரை ஆண்டு பிசகும். 2021 கணக்கெடுப்பு நடக்கவில்லை. 2011-லிருந்து முன்னோக்கி நீட்டிய மதிப்பீட்டை வைத்தே எல்லோரும் வகுக்கிறோம். கொரோனாவால் இறந்த முதியவர்கள் அந்த மதிப்பீட்டில் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. 2022-க்குப் பிந்தைய ஆண்டுகளில் வகுக்கும் எண் உண்மையைவிடப் பெரிதாகி, இறப்பு விகிதம் சிறிதாகி, மீட்சி உள்ளதைவிட அழகாகத் தெரியும். அதனால் 2020, 2021-ன் கூடுதல் இறப்புகளை வயதுவாரியாக மதிப்பீட்டிலிருந்து கழித்துவிட்டுத்தான் அடுத்த ஆண்டுக்கு நகர வேண்டும்.

இந்த எண்ணை நாளிதழ்கள் படிக்கும் விதம் பற்றி ஒரு வார்த்தை. 2021-ன் எஞ்சிய ஆயுள் 16.7 என்றால், அன்று 60 வயதானவர் 76-லோ 77-லோ போய்விடுவார் என்று பொருளல்ல. 2021-ன் சாவு விகிதம் அப்படியே நிலைத்தால் என்னவாகும் என்ற கற்பனைக் கணக்கு அது. அலை ஓய்ந்த மறு ஆண்டே இந்த எண் தானாகத் துள்ளி எழும். அமெரிக்காவில் 1917-ல் 50.9 ஆக இருந்த சராசரி ஆயுள், 1918 விஷக்காய்ச்சலில் 39.1-க்கு விழுந்து, 1919-லேயே 54.7 ஆனது. ஒரே ஆண்டில் யாரும் அவ்வளவு ஆரோக்கியமாகிவிடவில்லை. செய்திக்குறிப்பில் இதை இரண்டு வரியில் சொல்லிவிடுவது நல்லது.

கொரோனாவுக்குப் பிறகு அப்படித் துள்ளவும் இல்லை என்பதற்கும் அமெரிக்காவே சான்று. அங்கே 65 வயதில் எஞ்சிய ஆயுள் 2019-ல் 19.6. 2020-ல் 18.5, 2021-ல் 18.4, 2022-ல் 18.9, 2023-ல் 19.5. பழைய கோட்டைத் தொட நான்கு ஆண்டும் போதவில்லை. நம் விவாதத்துக்கு முக்கியமானது வேறு: அவர்களால் இதை ஆண்டு ஆண்டாகச் சொல்ல முடிகிறது. ஆண்டு முடிந்து பன்னிரண்டு மாதத்துக்குள் தற்காலிக அட்டவணை வந்துவிடுகிறது. நம் நாட்டின் 2021 இறப்புப் பதிவு அறிக்கை வெளியானது 2025 மே மாதம். 2019-ல் 76.4 லட்சமாகவும் 2020-ல் 81.2 லட்சமாகவும் இருந்த பதிவான இறப்புகள் 2021-ல் 1.02 கோடி ஆயின என்று நாடு அறிந்தது அப்போதுதான். தமிழ்நாட்டில் பதிவு இணையவழி ஆகிவிட்டது. டெல்லியின் அறிக்கைக்காக நாம் காத்திருக்கத் தேவையில்லை.

இனி, பதிவேட்டைத் திறந்தால் எங்கெங்கே இடறும் என்று சொல்கிறோம்.

முதல் இடறல் வயது. கிராமத்தில் இறப்பைப் பதிபவர் வி.ஏ.ஓ. சட்டப்படி 21 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். பல குடும்பங்கள் கருமாதி முடிந்த பிறகுதான் அந்த வாசலுக்குப் போகின்றன. போவது மகனோ பேரனோ. "வயசு என்ன?" என்றால் "எழுபது இருக்கும்" என்பார், படிவத்தில் 70 ஏறிவிடும். முதியோர் இறப்புகளை ஒற்றை வயதாக வரைந்து பாருங்கள். 60, 65, 70, 75, 80-ல் கோபுரமும், 61, 69, 71, 79-ல் பள்ளமுமாக இருக்கும். ஐந்தாண்டுக் குழுக்களில் பாதி மறையும், ஆனால் 69 வயதுக்காரர் 70 என்று பதிவானால் அடுத்த குழுவுக்கே போய்விடுகிறார். ஆதாரைக் கேட்டாலும் தீராது, ஏராளமான முதியவர்களின் ஆதாரில் பிறந்த தேதி ஜனவரி 1 என்று தோராயமாக எழுதப்பட்டதுதான். வேடிக்கை என்னவென்றால், அதே தெருமுனையில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் தோற்றம் இன்ன தேதி, மறைவு இன்ன தேதி என்று கச்சிதமாக அச்சாகியிருக்கும். வீட்டுக்குள் தேதி இருக்கிறது, படிவத்தில் அது ஏறுவதில்லை.

ஆகவே பதிவாளருக்கு அரைப் பக்கக் கேள்வித்தாள் ஒன்று போதும். பள்ளிச் சான்றிதழோ ஓய்வூதியப் புத்தகமோ இருந்தால் அதில் உள்ள தேதி. இல்லையென்றால் நிகழ்ச்சிகளை வைத்துக் கேட்க வேண்டும். தனுஷ்கோடியைப் புயல் அழித்த 1964 டிசம்பரில் அவர் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாரா, கல்யாணம் ஆகிவிட்டதா? 1967 தேர்தலில் ஓட்டுப் போட்டாரா? அன்று வாக்குரிமை வயது 21, 18 ஆனது 1989-ல்தான். ஆகவே 67-ல் ஓட்டுப் போட்டவர் 1946-க்குப் பிறகு பிறந்திருக்க வாய்ப்பில்லை. மூத்த பிள்ளைக்கு இப்போது என்ன வயது? மூன்று விடையும் ஒரே திசையைக் காட்டினால் அந்த வயதை நம்பலாம். மென்பொருளில் ஒரு சிறு மாற்றமும் வேண்டும்: வயது 0-விலோ 5-லோ முடிந்தால் "பிறந்த ஆண்டு எதிலிருந்து எடுத்தது?" என்ற கட்டம் தானாகத் திறக்கட்டும்.

இரண்டாவது, இறந்த இடமும் வாழ்ந்த இடமும். பதிவு நடப்பது இறந்த இடத்தில். திருவள்ளூர்க்காரரும் செங்கல்பட்டுக்காரரும் சென்னை மருத்துவமனையில் இறந்தால் சென்னைக் கணக்கு. வேலூருக்கு மேற்கு வங்கத்திலிருந்துகூடச் சிகிச்சைக்கு வருகிறார்கள். இதைத் திருத்தாமல் மாவட்ட அட்டவணை போட்டால், பெரிய மருத்துவமனை உள்ள ஊர்களில் முதியவர்கள் சீக்கிரம் சாகிறார்கள் என்ற அபத்தமான முடிவு வரும். இறப்பைத் தெரிவிக்கும் படிவம் 2-ன் புள்ளிவிவரப் பகுதியில் இறந்தவர் வழக்கமாக வசித்த ஊர் கேட்கப்படுகிறது. அதை வைத்துப் பிரித்தாலே போதும். (அதே பகுதியில் புகை, புகையிலை, பாக்கு, மது எத்தனை ஆண்டுப் பழக்கம் என்ற கட்டங்களும் உண்டு. முதியோர் சாவை ஆராய்பவருக்கு அவை தங்கச் சுரங்கம். பெரும்பாலும் காலியாக வருகின்றன.)

மூன்றாவது, பதிவான ஆண்டும் இறந்த ஆண்டும். உச்ச நீதிமன்றத்தின் 2021 ஜூன் 30 தீர்ப்புக்குப் பின் கொரோனா இறப்புக்கு 50,000 ரூபாய் நிவாரணம் வந்தது. சான்றிதழுக்கு மதிப்பு கூடியதால் விட்டுப்போன இறப்புகள் தாமதமாகப் பதிவாயின. நல்லதுதான். ஆனால் பதிவான தேதியை வைத்து எண்ணினால் 2021-ன் சாவு 2022-ல் ஏறி, சரிவும் தவறும், மீட்சியும் தவறும். எப்போதும் இறந்த தேதியை வைத்தே எண்ணுங்கள். தாமதப் பதிவுகளுக்காக ஒவ்வோர் ஆண்டின் கோப்பையும் பதினெட்டு மாதம் திறந்து வையுங்கள்.

நான்காவதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. வயதான பெண்களின் இறப்பு ஆண்களுடையதைவிடக் குறைவாகப் பதிவாகிறது. பேரில் நிலமில்லை, வங்கிக் கணக்கில் பெரிதாகப் பணமில்லை, ஓய்வூதியமில்லை. சான்றிதழ் யாருக்கு வேண்டும்? நகரத்தில் மயானம் கேட்பதால் பதிவாகிறது, சொந்தக் காட்டில் அடக்கம் செய்யும் ஊர்களில் விட்டுப்போகிறது. பெண்களின் எஞ்சிய ஆயுள் ஆண்களைவிட மிக அதிகமாக வரும் மாவட்டங்களைக் கண்டால் உடனே மகிழ வேண்டாம். அங்கன்வாடிப் பணியாளர், மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலர், ரேஷன் அட்டையிலிருந்து நீக்கிய பெயர்ப் பட்டியல், முதியோர் உதவித்தொகை நிறுத்திய பட்டியல் ஆகிய நான்கையும் பதிவேட்டோடு ஒப்பிட்டால் விடுபட்டவர் பெயர் தெரிந்துவிடும். இப்படிச் சரிபார்ப்பது இந்த மாநிலத்துக்குப் புதிதல்ல. சென்னை மாநகராட்சிப் பதிவேட்டில் இருந்தும் மாநிலக் கொரோனாப் பட்டியலில் இல்லாத 444 இறப்புகளை, குழு அமைத்துக் கண்டுபிடித்து 2020 ஜூலையில் சேர்த்ததும் தமிழ்நாடு அரசுதான்.

மாவட்ட அளவில் எத்தனை தூரம் போகலாம் என்பதற்கும் எல்லை உண்டு. மக்கள்தொகையில் மிகச் சிறிய பெரம்பலூரை எடுத்துக்கொள்ளுங்கள், 2011-ல் 5.65 லட்சம் பேர். ஆண்டுக்குச் சுமார் 4,000 இறப்பு, அதில் 2,500 பேர் 60-க்கு மேல் என்று வைத்துக்கொண்டால், தற்செயல் ஏற்ற இறக்கம் 2 விழுக்காடு. 60 வயதில் எஞ்சிய ஆயுளைத் தாராளமாகச் சொல்லலாம். 80 வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் என்று பிரித்தால் சில நூறுதான் மிஞ்சும். 400 இறப்புக்கு ஏற்ற இறக்கம் 5 விழுக்காடு, மீண்டும் அதே பழைய 5. அந்த நுணுக்கத்துக்கு மூன்று ஆண்டுகளைச் சேர்க்க வேண்டும். 2019-ல் பிறந்த தென்காசி, கள்ளக்குறிச்சி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், பிறகு வந்த மயிலாடுதுறை ஆகியவற்றுக்கு 2011 எண்ணிக்கையை வட்டம் வட்டமாகக் கூட்டி எழுப்ப வேண்டும். தாய் மாவட்டத்தை விகிதப்படி வெட்டிக் கொடுத்த எண்கள் வேண்டாம், செங்கல்பட்டின் வயது அமைப்பும் காஞ்சிபுரத்தின் வயது அமைப்பும் ஒன்றல்ல.

இவ்வளவையும் சரிசெய்து ஆண்டுவாரி எண் கிடைத்தாலும், "மீண்டுவிட்டது" என்று எழுதுவதற்கு முன் ஒரு கண்ணியைத் தாண்ட வேண்டும். பலவீனமானவர்கள் முன்கூட்டியே போய்விட்டால், மிஞ்சியவர்களின் சாவு விகிதம் தானாகக் குறையும். 1,000 முதியவர்களில் 100 பேர் நலிந்தவர்கள், ஆண்டுக்கு 30 விழுக்காடு இறப்பு. 900 பேர் திடமானவர்கள், 3 விழுக்காடு இறப்பு. மொத்தம் 57 பேர், அதாவது 5.7 விழுக்காடு. தொற்று வந்து நலிந்தவரில் 40 பேரையும் திடமானவரில் 10 பேரையும் கொண்டுபோகிறது என்போம். மறு ஆண்டு 950 பேரில் இறப்போர் சுமார் 45, அதாவது 4.7 விழுக்காடு. சாவு விகிதம் ஆறில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. ஒருவருடைய ரத்தக் கொதிப்பும் குறையவில்லை. 2022, 2023 எண்களில் இந்த மாயை எவ்வளவு கலந்திருக்கிறது என்பதைப் பதிவேட்டை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது.

பிரிப்பதற்கு ஒரு வழி அரசின் கருவூலத்தில் இருக்கிறது. அரசு ஓய்வூதியர் கோப்பில் பணிப்பதிவேட்டிலிருந்து வந்த துல்லியமான பிறந்த தேதி இருக்கிறது, குடும்ப ஓய்வூதியத்துக்காகக் கொடுத்த இறப்புச் சான்றும் இருக்கிறது. மாநிலத்தில் முதியோர் வயது இவ்வளவு சுத்தமாகக் கிடைக்கும் இடம் வேறில்லை. 2014 ஜனவரி 1-ல் உயிரோடு இருந்த 65-69 வயது ஓய்வூதியர்களில் எத்தனை பேர் 2019 ஜனவரி 1-ல் இருந்தார்கள்? 2020 ஜனவரி 1-ல் அதே வயதில் இருந்தவர்களில் எத்தனை பேர் 2025 ஜனவரி 1-ல் இருந்தார்கள்? பெயர், எண் எதுவும் வேண்டாம், இந்த இரண்டு விகிதங்கள் போதும். அலையில் போனவர்களும் அலைக்குப் பின் போனவர்களும் ஒரே கணக்கில் வருவதால் மேற்சொன்ன மாயைக்கு இடமில்லை. மாத வருமானம் உள்ளவர்கள் மற்றவர்களைவிடத் திடமானவர்கள்தான், அதனால் அளவை அப்படியே மாநிலத்துக்குப் பொருத்தக் கூடாது. மாற்றத்தின் திசையும் வேகமும் தெரியும்.

இதிலும் இரண்டு குழிகள். ஓய்வு வயது 2020 மே மாதம் 58-லிருந்து 59 ஆனது, 2021-ல் 60 ஆனது. இடைப்பட்ட காலத்தில் புதிய ஓய்வூதியர் வரத்து ஏறக்குறைய நின்றுபோனது. ஆகவே மொத்த ஓய்வூதியர் எண்ணிக்கையை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட்டால் கணக்கு குழம்பும், ஏற்கெனவே பட்டியலில் இருந்தவர்களை மட்டும் பின்தொடருங்கள். இன்னொன்று, ஓய்வூதியர் உயிரோடு இருப்பதை நேரில் காட்டும் ஆண்டு நேர்காணலுக்குக் கொரோனாக் காலத்தில் விலக்கு அளிக்கப்பட்டது. அப்போது இறந்த சிலர் பிற்பாடுதான் கோப்பில் இறந்திருப்பார்கள். ஓய்வூதியம் நிறுத்திய தேதியை விட்டு, சான்றிலுள்ள தேதியை எடுக்க வேண்டும்.

எதை "பழைய நிலை" என்பது என்ற கேள்விக்கு எங்கள் விடை: 2019-ன் எண்ணைத் தொட்டால் பாதி மீட்சி. 2015 முதல் 2019 வரை இருந்த ஏற்றம் தொடர்ந்திருந்தால் இந்த ஆண்டு எங்கே நின்றிருக்குமோ, அதைத் தொட்டால் முழு மீட்சி. இரண்டு கோடுகளையும் ஒரே படத்தில் வரைந்து வெளியிடுங்கள். ஒன்றை மட்டும் வரையும் ஆசை எல்லா அரசுகளுக்கும் வரும்.

எண் எங்கே நிற்கிறது என்று தெரிந்த பின், ஏன் நிற்கிறது என்பதற்கு இறப்புக் காரணம் வேண்டும். இந்தியாவில் 2020-ல் பதிவான இறப்புகளில் மருத்துவர் காரணம் எழுதியவை 22.5 விழுக்காடு மட்டுமே. எழுதியவற்றிலும், மருத்துவர் காரணத்தை நிரப்பும் படிவம் 4-ல் அடிக்கடி பார்ப்பது இது: முதல் பகுதி (அ) வரியில் "இதயமும் மூச்சும் நின்றது". (ஆ), (இ) காலி. எவ்வளவு காலம் என்ற கட்டமும் காலி. இதயம் நிற்காமல் யாரும் இறப்பதில்லை, அது காரணமே அல்ல. எழுத வேண்டிய முறை: (அ) மூச்சுச் செயலிழப்பு, 2 நாள், (ஆ) நிமோனியா, 6 நாள், (இ) கோவிட், 10 நாள், இரண்டாம் பகுதியில் சர்க்கரை நோய் 15 ஆண்டு, நாள்பட்ட சிறுநீரக நோய் 4 ஆண்டு. இப்படி எழுதினால்தான் கோவிட் என்று குறியிட முடியும். கோவிடுக்குப் பதிலாகச் சர்க்கரையை (இ) வரியில் எழுதிவிட்டால் அது சர்க்கரை நோய்ச் சாவாகிவிடும். "முதுமை" என்று எழுதியதை எதனோடும் சேர்க்க முடியாது. பயிற்சி மருத்துவர்களுக்கு ஒரு மணி நேர வகுப்பும், நிரப்பிய பத்துப் படிவங்களில் ஒன்றைத் துறைப் பேராசிரியர் சரிபார்ப்பதும் போதும். 2023 அக்டோபர் முதல் நடப்பில் உள்ள திருத்தச் சட்டப்படி, தனியார் உட்பட ஒவ்வொரு மருத்துவமனையும் காரணச் சான்றைப் பதிவாளருக்கு இலவசமாகத் தர வேண்டும். அதைக் கேட்டு வாங்கும் அதிகாரம் தங்களுடையது.

வீட்டில் இறப்பவர்களுக்கு இது எதுவும் கிடைக்காது. வி.ஏ.ஓ. மருத்துவரல்லர். அங்கே மாதிரி எடுத்து, உறவினரிடம் அறிகுறிகளைக் கேட்டறியும் முறைதான் வழி. அறுபதைத் தாண்டி வீட்டில் இறந்தவர்களில் இருபதுக்கு ஒன்று என எடுங்கள். கேட்க வேண்டியது கடைசி வாரங்களில் உடனிருந்து பார்த்துக்கொண்ட பெண்ணிடம், பெரும்பாலும் மருமகள். விண்ணப்பத்தில் கையெழுத்திட்ட மகனுக்கு மூச்சிரைப்பு எப்போது தொடங்கியது என்று தெரிந்திருக்காது. கருமாதிக்கு முன் போகக் கூடாது, ஓராண்டுக்கு மேல் தள்ளினால் நினைவு மங்கும். இரண்டு மருத்துவர்கள் ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல் குறியிட வேண்டும், ஒத்துப்போகாதவற்றை மூன்றாமவர் தீர்க்க வேண்டும்.

சிகிச்சைப் பக்கம் சுருக்கமாகச் சொல்கிறோம், அதைத் தங்கள் துறை எங்களைவிட நன்றாக அறியும். 2020-ல் தமிழ்நாட்டில் எடுத்த ஆய்வில் ரத்தக் கொதிப்பு 33.9 விழுக்காட்டினருக்கு இருந்தது, கட்டுப்பாட்டில் இருந்தது அவர்களில் 7.3 விழுக்காடு. 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீடு வீடாகப் போவதே இதைத் திருத்தத்தான். முதியவர்களுக்கென்று அந்த வருகையில் இரண்டு சேர்க்கை வேண்டும். ஒன்று, படுத்து ஐந்து நிமிடம் கழித்து ஒரு முறை, எழுந்து நின்ற ஒன்றாம், மூன்றாம் நிமிடங்களில் ஒரு முறை என ரத்த அழுத்தம். மேல் எண் 20, அல்லது கீழ் எண் 10 இறங்கினால் மாத்திரையை மறு ஆய்வு செய்ய மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் கொதிப்பைக் கட்டுப்படுத்திய பெருமையோடு, இரவில் எழுந்தவர் கழிவறை வாசலில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வார். இரண்டு, எடை. ஆறு மாதத்தில் 5 விழுக்காடு குறைந்தால் அது தகவல் அல்ல, அவசரம். காசநோய்க்கு இந்த மாநிலம் 2022-ல் இதைச் செய்து காட்டியிருக்கிறது. உடல் எடைக் குறியீடு, கால் வீக்கம், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, தாங்கலின்றி நிற்க முடிகிறதா என்ற ஐந்தே சோதனைகளில் கடுமையான நோயாளியைப் பிரித்து உடனே படுக்கை கொடுக்கும் காசநோய் இறப்பில்லாத் திட்டம், ஒரு தாளில் அடங்கும் சோதனைதான்.

கடைசியாக ஒரு தேதி. அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் குறிப்பு நாள் 2027 மார்ச் 1. முந்தையது 2011 மார்ச் 1. சரியாக 16 ஆண்டு. 2011-ல் 44 வயதைக் கடந்திருந்தவர்கள்தான் 2027-ல் 60-ஐக் கடந்தவர்கள். இரு கணக்கெடுப்புகளுக்கும் இடையே காணாமல் போனவர்களிலிருந்து பதிவான இறப்புகளையும், ஊர் மாறிப் போனவர்கள், வந்தவர்களின் நிகர எண்ணிக்கையையும் கழித்தால், பதிவேடு தவறவிட்ட முதியோர் இறப்புகள் எத்தனை என்பது மாவட்ட வாரியாகத் தெரிந்துவிடும். பதினாறு ஆண்டுக்கு ஒருமுறை கிடைக்கும் தணிக்கை இது. அதற்கு 2011 மார்ச் 1 முதல் 2027 பிப்ரவரி 28 வரையிலான ஒவ்வோர் இறப்பும் இறந்த தேதி, பாலினம், ஒற்றை வயது, வசித்த வட்டம் என்ற நான்கு புலங்களோடு ஒரே கோப்பில் இருக்க வேண்டும். இணையவழிப் பதிவுக்கு முந்தைய ஆண்டுகள் இன்னும் பல அலுவலகங்களில் காகிதமாகவும், வடிவம் ஒத்துப்போகாத பழைய கணினிக் கோப்புகளாகவும் கிடக்கின்றன. அவற்றைத் தட்டச்சு செய்து சேர்க்கும் ஆணையை இந்த நிதியாண்டிலேயே பிறப்பிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். வயதுச் சரிபார்ப்புக் கேள்வித்தாளையும் கணக்கீட்டுத் தாளையும் இம்மடலோடு தங்கள் அலுவலகத்துக்கு அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
மக்கள்தொகைக் கணக்கியல், முதியோர் மருத்துவம், இறப்புப் பதிவு ஆகிய துறைகளில் பணியாற்றும் சிலர்